பதிவறையில் அரசியல் பேசலாமா?

கேள்வி: ஐயா, மாவட்டத் தலைநகர் ஒன்றில் உள்ள ஆவணப் பிரிவில் பணியாற்றுகிறேன். அரசுத் துறை, பல்கலைக்கழகம், மடம், தனியார் அறக்கட்டளை என்று பல இடங்களில் இதே வேலையைச் செய்யும் நூற்றுமுப்பது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். காலாண்டுக்கு ஒருமுறை நேரிலும் கூடுகிறோம். 1920இல் பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவை எதிர்த்தவர்களுக்கும் காவலர்களுக்கும் இடையே நடந்தது பற்றிய தாள்களை அட்டவணைப்படுத்தும்போது ‘கலவரம்’ என்று தலைப்பிடுவதா, ‘துப்பாக்கிச் சூடு’ என்று தலைப்பிடுவதா என ஒருவர் கேட்டார். மறுநாளே பேச்சு சாதிக்கும் கட்சிக்கும் தாவிவிட்டது. கோபத்தில் நானும் ஒரு தலைவரைக் கேலி செய்யும் படத்தைப் போட்டேன். நிர்வாகி, ‘இனி இக்குழுவில் அரசியல் கூடாது’ என்று அறிவித்தார். பிறகு போன செவ்வாய்க்கிழமை, ஓர் அலுவலகத்திலிருந்து கோப்புக் கட்டுகள் அழிப்புப் பட்டியல் ஏதுமின்றிப் பழைய பேப்பர் கடைக்கு வண்டியில் ஏறுவதைப் பார்த்துப் படத்துடன் எழுதினேன். அரை மணி நேரத்தில் அதுவும் ‘அரசியல்’ என்று நீக்கப்பட்டது. தொழில்முறைக் குழுவில் அரசியலுக்கு இடம் உண்டா, இல்லையா?
– பெயர் வெளியிட விரும்பாத ஆவணக் காப்பாளர்

பதில்:

அன்புடையீர்,

உங்கள் கேலிப்படத்தை நிர்வாகி நீக்கியிருந்தால் அதை நான் சரி என்பேன்; கோப்புக் கட்டுகளைப் பற்றிய செய்தியை நீக்கியது பெரும் பிழை. இரண்டையும் அவர் ஒரே பெயரால் அழைத்ததில்தான் சிக்கல் தொடங்குகிறது. நம் மொழியில் ‘அரசியல்’ என்ற சொல்லுக்கு வாய்த்த நிலைமை அப்படி. ‘அரசியல் பண்ணாதே’ என்று கண்டிக்கும் அதே வாயால் ‘அரசியலமைப்புச் சட்டம்’ என்று மரியாதையோடு சொல்லிக்கொண்டிருக்கிறோம். கட்சிச் சண்டைக்கும், அரசு எதை எழுதி வைக்க வேண்டும், எதை எரிக்கலாம், யாருக்குக் காட்ட வேண்டும் என்ற கேள்விக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, ‘அரசியல் கூடாது’ என்று பலகை மாட்டினால், நம் தொழிலில் பேசுவதற்குப் பசையும் நாடாவும் பூச்சிமருந்தும்தான் மிஞ்சும்.

நான் பணியில் சேர்ந்த புதிதில், எண்பதுகளின் நடுவில், நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓர் அலுவலகப் பதிவறையில் அழிப்புக்கு ஒதுக்கிய கட்டுகளைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. நம் அலுவலக நடைமுறை உங்களுக்குத் தெரியும் என்றாலும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு கோப்பின் மீது நடவடிக்கை முடிந்ததும் அதன் ஆயுளை ஒரு சிறு குறியீடு தீர்மானிக்கிறது. ‘ஆர்.டிஸ்.’ என்றால் நிரந்தரமாக வைக்க வேண்டும், ‘டி.டிஸ்.’ என்றால் பத்தாண்டு, ‘கே.டிஸ்.’ என்றால் மூன்றாண்டு, ‘எல்.டிஸ்.’ என்றால் ஓராண்டோடு சரி. இரண்டு கிராமங்களுக்கு இடையே ஒரு தெரு வழியாகச் சவ ஊர்வலம் போகலாமா என்ற தகராறில், சமாதானக் கூட்டம் நடத்தி இரு தரப்பாரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்த ஒப்பந்தம் அடங்கிய கோப்பு ஒன்று தன்பதிவேட்டில், அதாவது எழுத்தர் தமக்கு வரும் தாள்களைப் பதியும் ஏட்டில், ஒற்றை வரியாக இருந்தது. கடைசிப் பத்தியில் ஊதா மையில் ‘எல்.டிஸ்.’. கட்டில் தேடினேன், கோப்பு இல்லை. ஓராண்டு முடிந்ததும் முறைப்படி அழித்திருந்தார்கள். ‘மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்று ஒரு எழுத்தர் குறிப்பு வைக்க, அலுவலர் ஒருவர் சுருக்கொப்பம் இட, அவ்வளவில் முடிந்துவிட்டது. சில ஆண்டுகளில் அதே தெருவில் அதே தகராறு மீண்டும் வந்தது. ‘அன்றைக்கு எழுதிக்கொடுத்தார்களே’ என்று ஒரு தரப்பு சொன்னது. ‘எங்கே, காட்டுங்கள்’ என்றது மறு தரப்பு. காட்டுவதற்கு அந்த ஒற்றை வரி மட்டுமே இருந்தது.

அந்த அலுவலகத்தில் எவரும் அரசியல் பேசியதில்லை. பேசக்கூடாது என்ற கட்டுப்பாடு கறாராகவே இருந்தது. ஆயினும் யாருடைய உரிமைக்குச் சான்று வேண்டும், யாருடைய உரிமைக்கு வேண்டாம் என்பதை அந்த ஊதா முத்திரை முடிவு செய்துவிட்டது. இப்படிப்பட்ட குறியீட்டை எந்த வகைக் கோப்புக்கு இடலாம், சமாதானக் கூட்ட நடவடிக்கைகளை எல்லாம் நிரந்தர வகையில் சேர்க்க வேண்டாமா என்று நூற்றுமுப்பது காப்பாளர்கள் கூடிப் பேசினால், அதில் சாதி வரும், காவல்துறை வரும், ஆளுங்கட்சியும் வரும். வந்தால் வரட்டும். அது வராத பேச்சு அந்தக் கோப்பைப் பற்றிய பேச்சாகவே இருக்காது.

சட்டத்தை எடுத்துக்கொண்டாலும் இதே நிலைதான். 1993ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம், விதிக்கப்பட்ட முறைக்கு மாறாக எந்தப் பொது ஆவணத்தையும் அழிக்கக் கூடாது என்கிறது. 1892க்கு முற்பட்டதாக இருந்தால், பயன்படுத்தவே முடியாதபடி சிதைந்துவிட்டது என்று காப்பகத் தலைமை கருதினாலொழியத் தொடவே கூடாது. மீறினால் ஐந்தாண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கேட்கக் கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் ஒன்றிய அரசுக்கும், ஒன்றிய ஆட்சிப் பகுதிகளுக்கும், அவற்றைச் சார்ந்த நிறுவனங்களுக்கும் மட்டுமே உரியது. மாநிலத் துறைகளின் கோப்புகளை அது காக்காது. மாநிலங்கள் தத்தமக்கெனச் சட்டம் இயற்றிக்கொள்ள வேண்டும். மகாராஷ்டிரம் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், கர்நாடகம் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் அதைச் செய்தன. ‘எங்களுக்கும் வலுவான சட்டம் வேண்டும், அதை நடத்த ஆளும் பணமும் வேண்டும்’ என்று காப்பாளர்கள் கேட்பது சட்டமன்றத்தை நோக்கிய கோரிக்கை. அதை அரசியல் அல்ல என்று சொல்லி மழுப்ப நான் விரும்பவில்லை. அரசியல்தான், அதைப் பேசுவதற்கு நம்மைவிடப் பொருத்தமானவர்கள் யாரும் இல்லை.

2022 டிசம்பரில் இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தலைமை இயக்குநர் ஒரு கூட்டத்தில் வெளிப்படையாகவே பேசினார்: 1962, 1965, 1971 போர்களைப் பற்றிய ஆவணங்களும் பசுமைப் புரட்சி பற்றிய ஆவணங்களும் காப்பகத்திடம் இல்லை, ஏனெனில் உரிய துறைகள் அவற்றை ஒப்படைக்கவில்லை, 151 அமைச்சகங்கள், துறைகளில் 36இன் ஆவணங்கள் மட்டுமே வந்திருக்கின்றன. ஓர் அரசு அலுவலர், அரசே நடத்திய கூட்டத்தில், அரசுத் துறைகளைப் பார்த்துச் சொன்னது அது. உங்கள் நிர்வாகியின் அளவுகோலை வைத்தால் அந்தப் பேச்சையும் அரை மணி நேரத்தில் நீக்கியிருக்க வேண்டும்.

எங்கே கோடு போடுவது என்பதற்கு நான் கைக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. பேச்சிலிருந்து தலைவர்கள், கட்சிகளின் பெயரை எடுத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் ஒரு கோப்போ, ஒரு பதிவேடோ, பூட்டிய அலமாரியோ மிச்சம் இருந்தால் அது நம் பேச்சு. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தொடர்பாக அரசுகள் நெடுங்காலம் இரகசியமாக வைத்திருந்த கோப்புகளைக் கொண்டு இதைச் சோதிக்கலாம். 2015 செப்டம்பர் 18 அன்று மேற்கு வங்க அரசு 64 கோப்புகளைத் திறந்துவிட்டது. 2016 சனவரி 23 அன்று ஒன்றிய அரசு 100 கோப்புகளின் மின்படிகளைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் வெளியிட்டது. இரு அரசுகளுக்கும் அதில் ஆதாயக் கணக்கு இருந்ததை யாரும் மறுக்கப் போவதில்லை. அந்த நாட்களில் காப்பாளர் குழு ஒன்று, நேதாஜி விமான விபத்தில் இறந்தாரா, இல்லையா என்றும், எந்தக் கட்சி அவருக்கு அதிகம் துரோகம் செய்தது என்றும் இரவெல்லாம் சண்டை போட்டிருந்தால், அதற்கு நம் தொழிலறிவு எதுவும் தேவையில்லை. டீக்கடையிலேயே அதை இன்னும் சுவையாகப் பேசுவார்கள். ஆனால், எழுபது ஆண்டு கடந்த ஒரு விவகாரத்தின் தாள்கள் எந்த விதியின் கீழ் அத்தனை காலம் இரகசியமாக வைக்கப்பட்டன, இரகசியத் தகுதியை மறுபார்வை செய்யும் பொறுப்பு யாருடையது, இடையில் எவையேனும் கழிக்கப்பட்டனவா, அதற்குப் பட்டியல் உண்டா என்ற கேள்விகளைக் கேட்க நாட்டில் நம்மைத் தவிர யாருக்கும் பயிற்சி இல்லை.

பெருங்காமநல்லூர்த் தலைப்பு விவகாரத்துக்கு வருகிறேன். உங்கள் குழுவில் அன்று கேட்கப்பட்டது அருமையான கேள்வி. அதை அடித்துக்கொண்டே கெடுத்துவிட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம். சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகக் கருதிய குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை பதியச் சொன்னதை எதிர்த்த பிரமலைக் கள்ளர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டியை அடுத்த அந்த ஊரில் காவலர்கள் சுட்டார்கள். இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சுட்டவர் தரப்பு எழுதும் அறிக்கையில் அது கலகமாகவோ கலவரமாகவோ இருக்கும். ஊரில் இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறவர்களுக்கு அது படுகொலை, வீரமரணம். அட்டவணை போடுகிறவர் இந்த இரண்டில் எதைத் தேர்ந்தாலும் ஒரு பக்கம் சாய்ந்தவராவார். ‘நடுநிலையாக’ இரண்டையும் விட்டுவிட்டு ‘1920 சம்பவம்’ என்று எழுதினால், அந்தக் கோப்பைத் தேடி வரும் பேரப்பிள்ளைக்கு அது என்றைக்கும் கிடைக்காது.

தொழில்முறையில் இதற்கு நல்ல வழி இருக்கிறது, அதைத்தான் குழுவில் மூத்தவர் ஒருவர் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். கோப்பை உருவாக்கிய அலுவலகம் அதன் மேலுறையில் எழுதிய தலைப்பை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் அப்படியே எடுத்தெழுத வேண்டும். அந்தச் சொல்லே ஒரு சான்று, அதைத் திருத்தினால் அன்றைய அதிகாரம் எப்படிப் பேசியது என்பதை நாமே அழித்தவர்களாவோம். அதன் கீழே, இது காப்பாளர் தந்த விளக்கம் என்று தெரியும்படி சதுர அடைப்புக்குள் என்ன நடந்தது என்பதை எழுத வேண்டும்: யார் சுட்டார்கள், எந்தச் சட்டத்தை ஒட்டி, எந்த ஊரில், எந்த நாளில். பிறகு தேடுசொல் பட்டியலில் ஊர்ப்பெயர், சட்டத்தின் ஆங்கிலப் பெயர், மக்கள் வழங்கும் ‘ரேகைச் சட்டம்’ முதலான பெயர்கள், சமூகத்தின் பெயர் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். ‘துப்பாக்கிச் சூடு’ என்பது நடந்த செயலைச் சொல்லும் சொல். ‘கலவரம்’ என்பது ஒரு தரப்பின் மதிப்பீடு. ஆகவே விளக்கத்தில் நான் முன்னதையே எழுதுவேன். இந்த முடிவுக்கு வர அதிகாரம், சாதி, சட்டம் மூன்றையும் பேசாமல் முடியாது என்பதைக் கவனியுங்கள். பேசும்போது ‘உங்கள் ஆட்கள்’, ‘எங்கள் ஆட்கள்’ என்ற சொற்கள் வந்த இடத்தில்தான் நிர்வாகி குறுக்கிட்டிருக்க வேண்டும். அதற்கு முந்திய அறுபது செய்திகளையும் சேர்த்து அவர் அடக்கியது தவறு.

நிர்வாகியின் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். அவருடைய அச்சத்தில் நியாயம் இருக்கிறது. குழுவில் பாதிப் பேர் அரசு ஊழியர்கள். மாநில ஊழியர்களுக்கு 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகளும், ஒன்றிய ஊழியர்களுக்கு 1964ஆம் ஆண்டின் நடத்தை விதிகளும் உண்டு. பின்னதில் ஐந்தாம் விதி கட்சி அரசியலில் ஈடுபடுவதையும், ஒன்பதாம் விதி அரசை வெளிப்படையாக விமர்சிப்பதையும் தடுக்கின்றன. நூற்றுமுப்பது பேர் உள்ள குழு தனியறை ஆகாது. நள்ளிரவில் ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு எழுதியது காலையில் ஸ்கிரீன்ஷாட்டாக மேலதிகாரியின் மேசையில் இருக்கும். எழுதியவர் விளக்கக் குறிப்பாணைக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பார். ஆகவே கோப்பு, விதி, நடைமுறை ஆகியவற்றைப் பற்றிப் பெயர் குறிக்காமல் எழுதுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ‘இந்த வகைப் பதிவேட்டுக்கு இந்தக் குறியீடு போதுமா’ என்று கேட்பதை எந்த நடத்தை விதியும் தடுக்காது.

உங்கள் கேலிப்படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடத்தை விதியை விட்டுவிடுங்கள். வாசிப்பறையை நினைத்துப் பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஆய்வாளர் கேட்ட கோப்பு ஒன்றை மூன்று வாரமாக என்னால் எடுத்துத் தர முடியவில்லை. நான் இன்ன கட்சிக்காரன், அதனால்தான் மறைக்கிறேன் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கோப்பு உண்மையில் பைண்டிங்குக்குப் போயிருந்தது. தையல்காரருக்கு மஞ்சள் காமாலை. நான் எந்தக் கட்சி மேடையிலும் ஏறியவன் அல்லன் என்பதால், கோப்பைக் கையில் கொடுத்தபோது அவர் தம் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அன்று என் பெயரில் அப்படி ஒரு படம் உலவியிருந்தால் பைண்டிங் கதையை யாராவது நம்பியிருப்பார்களா? 1996இல் பீஜிங்கில் ஏற்கப்பட்ட பன்னாட்டு ஆவணக் காப்பு மன்றத்தின் நெறிமுறை, உண்மையை மறைக்கவோ திரிக்கவோ சான்றுகளைக் கையாளும்படி எங்கிருந்து அழுத்தம் வந்தாலும் காப்பாளர் எதிர்க்க வேண்டும் என்கிறது. அந்த எதிர்ப்பை ஒரு கட்சியின் ஆதரவாளராக அறியப்பட்டவர் செய்தால், அது எதிர்க்கட்சியின் அறிக்கையாகவே படிக்கப்படும். உங்கள் குரலின் விலையை நீங்களே குறைத்துக்கொள்ளாதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஆனால் எல்லாரும் வாய்மூடி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. பிரிட்டன் தன் குடியேற்ற நாடுகளை விட்டு வெளியேறும்போது எடுத்துச் சென்ற கோப்புகள், 37 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 8,800, இங்கிலாந்தின் ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் பல்லாண்டுகள் அட்டவணைக்கே வராமல் கிடந்தன. கென்யாவில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த மௌ மௌ கிளர்ச்சிக் காலத்தில் சித்திரவதைக்கு உள்ளான முதியவர்கள் இலண்டனில் வழக்குத் தொடுத்த பிறகுதான், 2011இல், அவை அங்கே இருப்பதை பிரிட்டன் வெளியுறவு அலுவலகம் ஒப்புக்கொண்டது. அத்தனை ஆண்டுகளில் அந்த அலமாரிகளைக் கடந்து நடந்த பதிவறைப் பணியாளர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அவர்கள் யாவரும் அரசியல் பேசாதவர்களாகவே ஓய்வு பெற்றிருப்பார்கள்.

நம் ஊருக்கு நெருக்கமான இன்னொன்று. நெருக்கடி நிலைக் கால அத்துமீறல்களை விசாரிக்க 1977இல் அமைந்த நீதிபதி ஷா ஆணையம் 1978இல் மூன்று பகுதிகளாக அறிக்கை தந்தது. 1980இல் ஆட்சி மாறியபின் அதன் அச்சுப் பிரதி கண்ணில் படுவதே அரிதாயிற்று. தமிழ்நாட்டைச் சேர்ந்த முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் இரா. செழியன் தம்மிடம் இருந்த பிரதியைக் கொண்டு அதை 2010இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். நாம் செய்திருக்க வேண்டிய வேலையை ஓர் அரசியல்வாதி செய்தார். அவரிடம் அது இருக்கிறதா என்று யாரேனும் நம் கூட்டங்களில் முன்பே கேட்டிருந்தால், ‘இங்கே அரசியல் வேண்டாம், சார்’ என்று சொல்லியிருப்போமோ என்ற ஐயம் எனக்கு இன்றும் உண்டு.

இன்றைக்கும் பேச வேண்டியவை குவிந்து கிடக்கின்றன. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், நான்காம் பிரிவின் தொடக்கத்திலேயே, ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் ஆவணங்களை முறையாக அட்டவணைப்படுத்தி வைக்க வேண்டும் என்கிறது. எத்தனை அலுவலகங்களில் அது நடந்திருக்கிறது? 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தகவலுக்கான விலக்கை விரிவாக்கும்படி தகவல் உரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவைத் திருத்தியது. நிலப் பதிவேட்டிலும் விசாரணைக் கோப்பிலும் உள்ள பெயர்களை வாசகருக்குக் காட்டலாமா, கூடாதா என்று நாளை உங்கள் மேசைக்கு வரும் விண்ணப்பத்துக்கு நீங்கள்தான் பதில் எழுத வேண்டும். அதைப் பற்றிக் குழுவில் பேசாமல் வேறெங்கே பேசுவீர்கள்?

நிர்வாகியிடம் தனியாகப் பேசுங்கள். முதலில் படத்துக்காக வருத்தம் தெரிவியுங்கள், அது பேச்சை எளிதாக்கும். ‘அரசியல் கூடாது’ என்ற வரிக்குப் பதிலாக, ‘கட்சி, வேட்பாளர், தலைவர் குறித்த ஆதரவோ எதிர்ப்போ இங்கு வேண்டாம்; ஆவணங்களின் உருவாக்கம், காப்பு, அழிப்பு, அட்டவணை, அணுகல் ஆகியவை தொடர்பான எதையும் பேசலாம்’ என்று எழுதச் சொல்லுங்கள். நீக்கும் அதிகாரம் ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டாம், மூவரிடம் இருக்கட்டும். எதையாவது நீக்கினால் ஒரு வரியில் காரணம் பதியட்டும். ஆவணக் காப்பாளர்களின் குழுவே காரணம் பதியாமல் செய்தியை அழிக்கிறது என்றால், சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. தேர்தல் அறிவிக்கப்பட்ட காலத்தில் பேச்சைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாலும் குறை சொல்லமாட்டேன். சூடான விவாதங்களை, தலைப்பிடுவது போன்றவற்றை, காலாண்டுக் கூட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ‘உங்கள் ஆட்கள்’ என்று சொல்ல அவ்வளவு எளிதில் நாக்கு வராது.

இவை எல்லாம் அடுத்த வாரம் செய்தாலும் கெட்டுப்போகாது. செவ்வாய்க்கிழமை வண்டியில் ஏறிய அந்தக் கட்டுகள் அப்படியல்ல. பழைய பேப்பர் கடையில் பெரும்பாலும் ஒரு முழு லோடு சேரும் வரை சரக்கை ஆலைக்கு அனுப்பமாட்டார்கள். உங்கள் கடிதம் எனக்கு வந்த கணக்கைப் பார்த்தால் அவை இன்னும் அங்கேயே இருக்கக்கூடும். எடைக்கு எடை பணம் கொடுத்து நீங்களாகவே வாங்கி வந்துவிடாதீர்கள்; பிறகு அந்தக் கோப்புகள் எங்கிருந்து எப்படி உங்கள் கைக்கு வந்தன என்பதே கேள்வியாகிவிடும். கடைக்காரரிடம் இரண்டு நாள் பொறுக்கச் சொல்லுங்கள். கட்டுகளின் எண்ணிக்கை, மேலே தெரியும் ஆண்டு, கோப்பு எண், ‘டிஸ்.’ குறியீடு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே உங்கள் பிரிவுத் தலைவர் வழியாக அந்த அலுவலகத் தலைவருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் தேதியிட்ட கடிதம் அனுப்பி, அழிப்புப் பட்டியலின் நகலையும் கேளுங்கள். ‘ஆர்.டிஸ்.’ என்று ஒரே ஒரு கட்டில் இருந்தாலும் கடிதத்தின் முதல் வரியில் அதை எழுதுங்கள்.